பழி கேஸுக்கு, தப்பு டேப்பெட்டில்

பழைய கார் வாங்கக் கிளம்பும் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் முதல் அறிவுரை, "கேஸ் போட்ட வண்டியைத் தொட்டுடாதே" என்பது. இரண்டாவது, "வாங்கினாலும் நீ கேஸ் போட்டுடாதே". ஏன் என்று கேட்டால் கன்சல்டிங் வாசலில் நிற்கும் புரோக்கர் முதல் பெட்ரோல் பங்க்கில் பின்னால் நிற்பவர் வரை ஒரே பதில்தான்: எல்.பி.ஜி. என்ஜினைத் தின்றுவிடும். இதைச் சொல்பவர்களில் பாதிப் பேர் வாழ்நாளில் ஒரு கேஸ் வண்டியும் ஓட்டியதில்லை. மீதிப் பேர் ஓட்டி, என்ஜின் போய், ஹெட்டை இறக்கிச் செலவு செய்தவர்கள். அவர்கள் பட்டது உண்மை. அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் தவறு.

ஹாங்காங், டோக்கியோ, சியோல் ஆகிய மூன்று நகரங்களிலும் டாக்சி என்றாலே பல ஆண்டுகள் எல்.பி.ஜி. டாக்சிதான். டொயோட்டா 1995இல் கொண்டுவந்த க்ரவுன் கம்ஃபர்ட் என்ற காரே எல்.பி.ஜி.யை மனதில் வைத்துச் செய்த டாக்சி. இரவு பகலாக இரண்டு ஷிஃப்ட் ஓடி, நம் ஊர் வீட்டுக் கார் ஆயுள் முழுக்க ஓடும் தூரத்தைச் சில வருடங்களில் தாண்டிவிடும் வண்டிகள் இவை. கேஸ் என்ஜினைத் தின்னும் என்றால் அந்த டாக்சி முதலாளிகள் என்றைக்கோ கடையைச் சாத்தியிருப்பார்கள்.

"அது கம்பெனியிலேயே கேஸுக்கென்று செய்த என்ஜின், நம்முடையது பெட்ரோல் என்ஜின்" என்று இதற்கு ஒரு பதில் வரும். நியாயமான பதில். அப்படியானால் கேள்வி மாறுகிறது. கேஸுக்கென்று செய்த என்ஜினில் எது வேறு? பிஸ்டனும் கிராங்க்கும் ரிங்கும் பெரிதாக மாறுவதில்லை. முக்கியமாக மாறுவது வால்வு உட்காரும் இடம், அதாவது வால்வு சீட். நம் விவகாரம் முழுக்க அந்த வளையத்தில்தான் இருக்கிறது.

"கேஸ் பெட்ரோலைவிடச் சூடாக எரியும், அதனால் வால்வு எரிந்துவிடும்" என்பது பட்டறைகளில் அதிகம் கேட்கும் விளக்கம். சரியான அளவு காற்றோடு கலந்து எரியும்போது இரண்டின் சுவாலை வெப்பத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் வேறு இடத்தில். பெட்ரோல் திரவமாகத் தெளிக்கப்படுகிறது. ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை எடுத்துக்கொள்கிறது, வால்வையும் சீட்டையும் சற்று நனைத்துக்கொண்டு போகிறது. கேஸ் ஏற்கெனவே ஆவியாகி உள்ளே வருகிறது. அந்தக் குளிர்ச்சியும் இல்லை, அந்த ஈரமும் இல்லை. 3000 ஆர்.பி.எம்மில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1500 தடவை சீட்டில் வந்து அடிக்கிறது. சீட்டின் உலோகம் மென்மையாக இருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, வால்வு மேலேறும். ஏற ஏற டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் நடுவே இருக்கும் சந்து, குறையும். 0.15 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை, என்ஜினைப் பொறுத்து, இருக்கவேண்டிய அந்த இடைவெளி பூஜ்யமானதும் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பங்கைச் சீட்டில் உட்காரும் அந்தச் சின்ன நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. உட்கார முடியாத வால்வு சூட்டை எங்கே இறக்கும்? ஓரம் கருகி, ஒரு பக்கம் பிளந்து, அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷன் போய்விடும். வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். மெக்கானிக் ஹெட்டைக் கழற்றிக் கருகின வால்வை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "பார்த்தீங்களா சார், கேஸ்" என்பார்.

அந்த வால்வு கருகுவதற்கு பத்தாயிரம் கிலோமீட்டர் முன்பே டேப்பெட் கவரைத் திறந்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்திருந்தால், அரை மணி நேர வேலையில் முடிந்திருக்கும். இதில் ஒரு கொடுமை என்னவென்றால், வரப்போகும் ஆபத்து காதுக்கு இதமாக இருக்கும். இடைவெளி உள்ள டேப்பெட் 'டிக் டிக்' என்று லேசாகச் சத்தம் போடும். குறையக் குறைய என்ஜின் அமைதியாகும். ஓனர் மகிழ்வார். சில மெக்கானிக்குகள் அந்த மகிழ்ச்சிக்காகவே டேப்பெட்டை இறுக்கி வைத்து அனுப்புவதும் உண்டு. கேஸ் வண்டியில் அப்படி இறுக்குவது வால்வுக்கு நாள் குறிப்பதுதான்.

கலவையும் இதில் பங்காளி. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று, எல்.பி.ஜி.க்கு ஏறக்குறைய 15.5 கிலோ காற்று என்பது சரியான கணக்கு. "மைலேஜ் நல்லா வரணும்" என்று ஓனர் சொல்ல, கிட் பொருத்துபவர் கேஸைக் குறைத்துச் செட்டிங் வைத்துவிடுகிறார். அப்படி மெலிந்த கலவை மெதுவாக எரியும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டே வெளியே போகும். "கேஸ் சூடு" என்று ஊர் சொல்வதில் உண்மை இருக்கிறது என்றால் அது இந்தச் சூடுதான். லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதலாகப் பிழியப் போய் வந்த சூடு.

எந்த வண்டியின் சீட் தாங்கும்? இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க நின்றது. பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் 1995லேயே வந்துவிட்டது. ஈயம்தான் அதுவரை சீட்டுக்கு மெத்தையாக இருந்தது. ஈயமில்லாத பெட்ரோலுக்கென்று செய்த என்ஜின்களில் கடினமாக்கப்பட்ட சீட் வருகிறது. ஆக, இன்று சந்தையில் இருக்கும் பெரும்பாலான பழைய கார்கள் பாதித் தகுதியோடுதான் நிற்கின்றன. ஈயக் காலத்து வடிவமைப்பில் வந்த பழைய அம்பாசடர் பெட்ரோல் என்ஜினை வைத்துக்கொண்டு எல்லா கேஸ் வண்டிக்கும் தீர்ப்பு எழுதக்கூடாது.

"கேஸ் வறட்சி, உள்ளே ஆயிலைக் காயவைத்துவிடும்" என்பது இன்னொன்று. இது நேர்தலைகீழ். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது கூடுதலாகத் தெளிக்கப்படும் பெட்ரோல்தான் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு போய் ஆயில் சம்ப்பில் கலக்கிறது. கேஸுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கேஸில் ஓடும் வண்டியின் ஆயில், டிப்ஸ்டிக்கில் தேன் நிறத்திலேயே நெடுநாள் இருக்கும். கார்பனும் குறைவு. ஆனால் அந்த நிறத்தைப் பார்த்து ஏமாந்து ஆயில் மாற்றாமல் விடுபவர்கள் நிறைய. கறுக்கவில்லை என்றாலும் சூட்டில் ஆயில் கெடும், அதில் கலந்திருக்கும் ரசாயனங்கள் தீரும். கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்றித்தான் ஆகவேண்டும்.

"பிக்கப் போயிடும், ஏ.சி. போட்டா மேம்பாலம் ஏறாது." ஒரு காலத்தில் இது முழு உண்மை. காற்று போகும் வழியில் மிக்சர் என்ற வளையத்தைச் செருகி, அந்த உறிஞ்சலில் கேஸை இழுக்கும் பழைய கிட்டில் காற்றுப் பாதையே குறுகிவிடும். வழி முழுக்கக் கேஸ் கலந்த காற்று நிற்பதால் ஸ்பார்க் கொஞ்சம் தவறினாலும் பேக்ஃபயர் அடித்து ஏர் ஃபில்டர் பெட்டியே பிளக்கும். இப்போதைய சீக்வென்ஷியல் கிட் ஒவ்வொரு சிலிண்டர் வாசலிலும் தனி இன்ஜெக்டர் வைத்து, பெட்ரோல் இன்ஜெக்டருக்கு என்ஜின் கணினியான இ.சி.எம். போடும் கட்டளையைப் படித்து, அதே நேரத்தில் அளவான கேஸை விடுகிறது. கேஸ் தானே கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சில சதவீத இழப்பு இருக்கும், மறுக்கவில்லை. பழைய என்ஜினில் அதற்கு மேல் இழுவை குறைந்தால் பிளக்கையும் பிளக் வயரையும் பாருங்கள். கேஸைப் பற்றவைக்கக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். பெட்ரோலில் சமாளித்துக்கொண்டிருந்த கிழட்டு வயரும் காயிலும் கேஸில் மாட்டிக்கொள்ளும். பிளக் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து வைப்பது அனுபவசாலிகள் வழக்கம்.

"கார்புரேட்டர் வண்டிதான் கேஸுக்கு ஏத்தது, சிம்பிள்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பொருத்துவது சிம்பிள், ஒப்புக்கொள்கிறேன். ஓட்டுவது அப்படியில்லை. மாதக்கணக்கில் கேஸிலேயே ஓட்டினால் கார்புரேட்டரில் டயஃப்ரமும் கேஸ்கெட்டும் காய்ந்து சுருங்கும், மிதவை ஊசி ஒட்டிக்கொள்ளும். அவசரத்துக்குப் பெட்ரோலுக்கு மாற்றும் அன்றுதான் தெரியும். கலவையைத் திருத்த ஆக்சிஜன் சென்சார் கிடையாது, மெக்கானிக்கின் காதுதான் சென்சார். போதாக்குறைக்கு, அந்தக் காலத்து வண்டிகளுக்கு 15 வருடப் பதிவுக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. 2022 ஏப்ரலில் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணமே 5,000 ரூபாய் ஆனது, அதோடு எஃப்.சி. வேறு. ஒவ்வொரு சிலிண்டர் வாசலிலும் பெட்ரோல் இன்ஜெக்டர் உள்ள எம்.பி.எஃப்.ஐ. வண்டியே மேல். அதற்காக இன்னும் புதிதாகப் போய் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். பெட்ரோலைச் சிலிண்டருக்கு உள்ளேயே பாய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜின்கள், போலோ டி.எஸ்.ஐ., வென்யூ டர்போ போன்றவை, இப்போது செகண்ட் ஹேண்டில் வருகின்றன. அதன் இன்ஜெக்டர் மூக்கு நெருப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் குளிர்விப்பதே அதன் வழியே ஓடும் பெட்ரோல்தான். கேஸில் ஓடும்போது பெட்ரோல் நின்றால் அது வேகும். சாதாரண கிட் அதற்குப் பொருந்தாது.

இனி நம்மவர்களின் செல்ல வாக்கியம்: "மாருதி என்ஜின்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்." மாருதியில் எந்த என்ஜின்? வேகன் ஆர் என்ற ஒரே பெயரில் 2010க்கு முன் வந்தது 1061 சி.சி. எஃப் சீரிஸ், நான்கு சிலிண்டர், டைமிங் பெல்ட். பிறகு வந்தது 998 சி.சி. கே சீரிஸ், மூன்று சிலிண்டர், டைமிங் செயின். மைலேஜ், எடை, பெல்ட் தொல்லையின்மை எல்லாவற்றிலும் கே சீரிஸ் முன்னே. ஆனால் டேப்பெட் விஷயத்தில் கதை மாறுகிறது. எஃப் சீரிஸில் ராக்கர் மேல் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ஃபீலர் கேஜ் போதும். கே சீரிஸில் திருக ஸ்க்ரூ இல்லை. அளந்து, கேம்ஷாஃப்டைக் கழற்றி, வேறு தடிமனில் டேப்பெட் வாங்கிப் போடவேண்டும். அதனால் எந்தப் பட்டறையும் அதைத் தொடுவதில்லை. தினமும் நீண்ட தூரம் கேஸில் ஓட்டப் போகிறவருக்கு, நல்ல நிலையில் இருக்கும் பழைய எஃப் சீரிஸே சிக்கனம் என்பது என் கட்சி. 2006இல் வந்த வேகன் ஆர் டுயோவில் கம்பெனியே எல்.பி.ஜி. வைத்துக் கொடுத்தது அந்த என்ஜினில்தான்.

ஹோண்டா சிட்டி, 2003இல் வந்த உருண்டை வடிவம், 1497 சி.சி. செயின் உண்டு, டேப்பெட்டுக்கு ஸ்க்ரூ உண்டு. ஹோண்டா நம்பகமானது என்ற பேருக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பேரே இங்கே வில்லன். "ஹோண்டாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று டேப்பெட் கவரைத் திறக்காமலே கேஸில் ஓட்டி வால்வைக் கருக்கியவர்கள்தான் அதிகம். கூடுதல் செலவாக, அந்த நாலு சிலிண்டருக்கு எட்டு பிளக்.

யாரும் எதிர்பார்க்காத ஆள் ஒன்று உண்டு. மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஐகான், ரோகேம் என்ஜின். இரும்பு பிளாக், செயின், எட்டே வால்வு, ஹைட்ராலிக் டேப்பெட். ஆயில் அழுத்தத்தில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு அது. சீட் கொஞ்சம் தேய்ந்தாலும் ஒரு வரம்புவரை அதுவே ஈடுகட்டும். கேஸுக்கு மனதளவில் நான் தேர்ந்தெடுப்பது இந்த வகைதான். நடைமுறையில் தயங்குவேன். ஃபோர்டு 2021இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, ஐகானோ அதற்குப் பல வருடம் முன்பே போய்விட்டது. ஒரு சென்சாருக்காகப் புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் அலையத் தயாராக இருப்பவர் வாங்கலாம். நம்பகத்தன்மை என்பதில் பாதி என்ஜின், பாதி ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

நீங்கள் பார்க்கும் வண்டியில் எந்த வகை டேப்பெட் என்று தெரிந்துகொள்ள மெக்கானிக் தேவையில்லை. கூடவே வரும் சர்வீஸ் அட்டவணையைப் புரட்டுங்கள். 'வால்வு இடைவெளி சோதனை' என்று ஒரு வரி இருந்தால் கையால் சரிசெய்யும் வகை.

மீட்டரைப் பார்த்துத் தேர்வு செய்யும் வழக்கத்தைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. மீட்டரைத் திருப்பலாம், கம்ப்ரஷனைத் திருப்ப முடியாது. எல்லாப் பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகிறது என்பதே முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கவேண்டும். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. ரிங் போன வண்டியைக் கேஸ் காப்பாற்றாது, வால்வு போன வண்டியைக் கேஸ் சீக்கிரம் வழியனுப்பும். இரண்டையும் விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போகலாம்.

பிறகு ரேடியேட்டர். கேஸ் கிட்டில் வேப்பரைசர் என்று ஒரு உலோகக் குடுவை இருக்கும். டேங்க்கிலிருந்து திரவமாக வரும் எல்.பி.ஜி. அங்கே ஏறக்குறைய 250 மடங்கு விரிந்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய சூட்டை என்ஜின் கூலன்ட்டிலிருந்து எடுக்கிறது. போர்வெல் தண்ணீரே ஊற்றி ஓடிய வண்டியில் அந்தக் குழாய்கள் துரு அடைத்துக் கிடக்கும். சூடு போகாது. சித்திரை வெயிலில், பானெட்டைத் திறந்தால் வேப்பரைசர் மேல் வெள்ளையாக ஐஸ் பூத்திருக்கும். அரைகுறையாக ஆவியான கேஸ் உள்ளே போக, வண்டி திணறும். அதற்கும் பழி கேஸ் மேல்தான் விழும். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நேரத்தில் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ கூலன்ட் தெரிந்தால் அந்த ஓனரை ஓரளவு நம்பலாம். காபி நிறத்தில் தண்ணீர் தெரிந்தால் அவர் சொல்லும் எதையும் நம்பாதீர்கள்.

"டேங்க் வெடிக்கும்" என்ற பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆம்னி வேன்கள் எரிந்த செய்திகளை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. சமையல் சிலிண்டரைப் பின் சீட்டுக்கு அடியில் வைத்தும், சிலிண்டரிலிருந்து மோட்டார் போட்டு டேங்க்குக்கு ஏற்றியும் நடக்கும் வேலைதான் அங்கே முக்கியக் குற்றவாளி. மோட்டார் வாகனச் சட்டத்தில் எல்.பி.ஜி.க்கு இடம் கிடைத்தது 2000இல். அதை ஒழுங்குபடுத்தும் ஆணை 2001இல் வந்தது. வீட்டு சிலிண்டரை வண்டிக்குப் பயன்படுத்துவது குற்றம். முறையான ஆட்டோ எல்.பி.ஜி. டேங்க்கில் 80 சதவீதம் நிரம்பியதும் தானே அடைக்கும் வால்வு, அழுத்தம் கூடினால் திறக்கும் வால்வு, குழாய் அறுந்தால் ஓட்டத்தை நிறுத்தும் வால்வு எல்லாம் உண்டு. 14.2 கிலோ சமையல் சிலிண்டரில் இந்த ஏற்பாடு கிடையாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். அடித்தள பார்க்கிங்கில் கேஸ் வாடை வந்தால் சாவியைத் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

எதிர்ப்பக்கத்துப் பொய்யையும் விடக்கூடாது: "கேஸ் போட்டா பாதிச் செலவு." ஒரு லிட்டர் எல்.பி.ஜி.யில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். 15 கொடுத்த வண்டி 12க்குக் கீழே கொடுக்கும். ஆகவே உங்கள் ஊரில் எல்.பி.ஜி. விலை பெட்ரோல் விலையின் முக்கால் பங்குக்கு நன்றாகக் கீழே இருந்தால்தான் மிச்சம். அதுவும் என்ஜின் சூடாகும்வரை வண்டி பெட்ரோலில்தான் ஓடும். தினம் பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் ஓடும் காருக்குக் கேஸ் போடுவது வீண். பக்கத்தில் எல்.பி.ஜி. பங்க் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கவேண்டும். பல ஊர்களில் அது சி.என்.ஜி.க்கு இடம் விட்டுவிட்டது.

போடுவது என்று முடிவானால், அந்த மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற சீக்வென்ஷியல் கிட்டாக, ஆர்.சி.யில் பதிந்து, இன்ஷூரன்ஸுக்கும் தெரிவித்துப் போடுங்கள். ஏற்கெனவே கேஸ் உள்ள வண்டி வாங்கினால் டேங்க் மேல் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள். கிட் பொருத்தும் அன்றே டேப்பெட் இடைவெளியை அளக்கச் சொல்லி, ஒவ்வொரு வால்வின் அளவையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடி அளந்து அந்த எண்களோடு ஒப்பிட்டால், உங்கள் சீட் தேய்கிறதா இல்லையா என்பதற்கு யாரிடமும் அபிப்பிராயம் கேட்கவேண்டி வராது. எழுதித் தர மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.